மண் இறங்காத மேடு

ரோதைமுனி மேல் ஆணை. தேயிலை ஃபெக்டரியின் சக்கரத்தைக் காவல் காக்கிற சாமி அவர். அவர் மேல் பொய்ச்சத்தியம் செய்த ஒருத்தனின் கையைச் சக்கரம் இழுத்துக்கொண்டது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு இரண்டு கையும் இருக்கிறது, யாரும் வந்து பார்த்துக்கொள்ளலாம். இனி நான் சொல்லப் போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் மிச்சமிருக்கிற பல்லெல்லாம் இன்றைக்கே கொட்டட்டும். செத்த பிறகு என்னை மண்ணும் தின்னாமல் போகட்டும். இதைவிடப் பெரிய சாபம் கிடையாது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

அக்கரப்பத்தனைக்கு மேலே, பஸ் திரும்புகிற இடத்தில் இறங்கி நடந்து ஏறினால் எங்கள் தோட்டம். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற லயத்துக்குக் கீழே எட்டாம் நம்பர் மலை. அந்த மலையின் அடியில், தேயிலை முடிந்து ஆறு தொடங்குவதற்கு நடுவே ஒரு துண்டு நிலம்தான் எங்கள் மயானம். கம்பெனி தேயிலையைக் கீழே இறக்கிக்கொண்டே வருகிறது. ஆறு மழைக்கு மழை மேலே ஏறிக்கொண்டே வருகிறது. நடுவில் செத்தவர்கள் ஒடுங்கிப் படுத்திருக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது ஒரே காம்பராவில் ஏழெட்டுப் பேராகப் படுத்துப் பழகியவர்கள் என்பதால் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

அதனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு குழி. அப்பன் போனால் அப்பனை வைப்போம். பிறகு ஆத்தா போனால் அதே குழியைத் திறந்து மேலே வைப்போம். ஆனால் அதற்குள் கீழே இருக்கிறவரை மண் தின்று முடித்திருக்க வேண்டும். முடித்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. மூடும்போது மண்ணை மேடாகக் குவிப்போம். உள்ளே பெட்டி உளுத்து, ஆள் கரைந்து, நெஞ்சுக்கூடு சரியும்போது மேலே மேடும் சரியும். தரைக்குச் சமமாக வந்து, அதற்கும் கீழே ஒரு சாண் குழிந்துவிட்டால் உள்ளே இடம் காலி. 'மண் இறங்கிடுச்சு' என்போம். வேறு ஊர்களில் இதற்கு என்ன சொல்கிறார்களோ எனக்குத் தெரியாது.

குழி வெட்டுவது நானும் ஆண்டியப்பனும். மண்ணைப் பற்றி ஆண்டியப்பன் பேசினால் ஹட்டன் டவுனில் இருக்கிற டொக்டர்மார் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அவனுடைய சொந்த அபிப்பிராயம். மேட்டுப் பக்கத்து மண் காற்றோட்டமானது, சீக்கிரம் தின்னும். ஆற்றோரத்து மண் குளிர்ந்த களி, சோம்பேறி. அங்கே தண்ணீர் ஊறி நின்றால் ஆள் அழுகாமல் வெள்ளை மெழுகாகப் போவதும் உண்டு. கொழுத்த உடம்புக்காரர் ஒரு பழைய கங்காணியை அங்கே வைத்திருந்தோம். அவர் சம்சாரத்துக்காகத் திறந்தபோது கங்காணி முழுசாகச் சவுக்காரக் கட்டியாக மாறியிருந்தார். ஆண்டியப்பன் கை கழுவிப் பார்த்தான். நுரை வந்தது. வாசனைதான் கொஞ்சம் மட்டம்.

கசிப்புக் குடித்தே செத்த இன்னொருத்தனை மேட்டுப் பக்கம் வைத்தோம். அவனைத் தின்னப் போன புழு ஒன்றுகூட அதற்குப் பிறகு நேராக ஊரவில்லை. இதைப் பார்த்த சாட்சிகள் இருந்தார்கள். இப்போது அவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

இதெல்லாம் சும்மா சொல்லவில்லை. மண் எல்லாரையும் ஒரே மாதிரி தின்பதில்லை என்பதை முதலில் தெரிந்துகொண்டால்தான் நாகலெட்சுமிக்கு நடந்தது விளங்கும்.

நாகலெட்சுமி என் பக்கத்துக் காம்பரா. அவள் புருஷன் மூக்கன் எனக்கு மச்சான் முறை. அவர்களுக்கு ஒரே பிள்ளை யோகேஸ்வரி. கொழுந்துக் கூடையை மாட்டமாட்டேன் என்று சொல்லி ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் நின்றது. பிறகு அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனது. போய் இரண்டாவது வருஷம் செத்துப்போய்விட்டது என்று தகவல் வந்தது. எப்படி என்று கேட்டதற்கு நெஞ்சுவலி என்றார்கள். தண்ணீர்க் குடத்தோடு மலை ஏறி வளர்ந்த இருபத்தாறு வயதுப் பிள்ளைக்கு நெஞ்சுவலி.

பெட்டி பல மாதம் கழித்துத்தான் வந்தது. மூக்கன் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தான். வழியில் கினிகத்தேனையில் தேத்தண்ணி குடிக்க டிரைவர் இறங்கினான். மூக்கன் இறங்கவில்லை. பெட்டி மேல் ஒரு கையை வைத்தபடியே இருந்தானாம். வெளியே பலகை, உள்ளே தகரம், தகரத்தைச் சுற்றிலும் ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தது. முகம் பார்க்க ஒரு கண்ணாடித் துண்டுகூட இல்லை. 'திறக்காதீங்க, பார்க்கிற நிலைமையில இல்ல' என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூக்கன் திறக்கவில்லை. வாழ்நாள் பூராவும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் நின்று, சொன்ன மலைக்குப் போய், சொன்ன வேலையைச் செய்தவன் வேறு என்ன செய்வான்?

"மொகத்தக் காட்டுங்க" என்றாள் நாகலெட்சுமி.

"வேணாம் புள்ள. சொல்லியிருக்காங்க" என்றான் மூக்கன்.

"மொகம் பாக்காத பொணத்துக்கு நான் அழமாட்டேன்."

அழவில்லை. லயமே அழுதது, அவள் மட்டும் கதவு நிலையில் சாய்ந்து நின்று, வேறு யார் வீட்டுச் சாவையோ பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டியைப் புதைத்தோம், மேடு குவித்தோம். அடுத்த மழைக்கு அந்த மேடு இறங்கவில்லை. அதற்கடுத்த மழைக்கும் இறங்கவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் முறையாக இறங்கினார்கள். யோகேஸ்வரியின் மேடு மட்டும் நேற்றுக் குவித்த மாதிரி நின்றது. நாகலெட்சுமி தினமும் கூடையோடு எட்டாம் நம்பர் மலைக்குப் போகிறவள். மேலே நின்றால் மயானம் உள்ளங்கை மாதிரி தெரியும்.

"பாத்தியா அண்ணே? மண்ணு எறங்கல" என்பாள் என்னிடம். "உள்ள ஆளு இல்ல. கல்லப் போட்டு மூடி அனுப்பியிருக்கானுங்க. எம்புள்ள அங்கதான் ஏதோ ஒரு வீட்டுல ஃபோன் இல்லாம இருக்கு."

எங்கள் ஊர்க் கணக்குப்படி அவள் சொன்னதில் பிழை இல்லை. மண் இறங்கவில்லை என்றால் உள்ளே ஆள் இல்லை. ஆண்டியப்பனே தலையைச் சொறிந்தான்.

தீபாவளிக்குத் தீபாவளி பிள்ளைக்கு ஒரு சட்டைத் துணி எடுத்து டிரங்குப் பெட்டியில் வைப்பாள். அளவை வருஷா வருஷம் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போவாள். "இப்ப ஒடம்பு போட்டிருக்கும்ல?" என்பாள். அடுத்த லயத்து வினோதாவைப் பிடித்து, பிள்ளையின் பழைய நம்பருக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொல்வாள். ஒரு சரிக்குறி மட்டும் விழும். "ஒன்னு விழுந்துருச்சுல்ல, மத்ததும் விழும்" என்பாள்.

மூக்கனுக்கு இதைத் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மயானத்துக்குப் போவான். மகளின் மேட்டில் ஏறி நின்று மிதிப்பான். மெதுவாக, சுற்றிச் சுற்றி மிதிப்பான். மண் இறங்கிவிட்டால் அவள் நம்பிவிடுவாள், நம்பிவிட்டால் அழுதுவிடுவாள், அழுதுவிட்டால் எல்லாம் ஒரு வழிக்கு வரும் என்று நினைத்தான். இரண்டு விரற்கடை இறங்கியது. நாகலெட்சுமி அன்றைக்கே கண்டுபிடித்தாள்.

"யாரோ ஏறி மிதிச்சிருக்காங்க. பெருவெரல் வெளிப்பக்கம் பாக்குற காலு."

மூக்கன் தன் காலைப் பார்த்தான். மெல்ல அதை உட்கார்ந்திருந்த சாக்குக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"அந்தக் காலோட இந்தக் காம்பராவுக்குள்ள வராத" என்றாள். இரண்டு நாள் அவன் என் வீட்டில் சாப்பிட்டான்.

இப்படியே ஒன்பது வருஷம் போயிற்று. போன மழைக்கு மூக்கனுக்குச் சளி கட்டி மூச்சு முட்டியது. கடைசியாகச் சுயநினைவு இருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், என்னைப் புள்ளகூட வச்சிரு. நான்தானே அதத் தொறக்காமக் கொண்டாந்தேன்."

நாகலெட்சுமி தலைமாட்டில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றாள். கேட்டாள். கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

மூக்கனின் தங்கச்சி கொழும்பிலிருந்து வர வேண்டியிருந்ததால் பிணத்தை ஹட்டனுக்கு அனுப்பி ஊசி ஏற்றிக் கொண்டுவந்தோம். கொண்டுவந்தவன் சுதாகரன். எங்கள் தோட்டத்துப் பையன், பிணத்தைப் பதப்படுத்திக் கொடுக்கிற மலர்ச்சாலையில் வேலை. வெள்ளைச் சட்டை, கறுப்புச் சப்பாத்து, பவுடர் வாசம். பிணத்தைத் தவிர மற்ற எல்லாரும் அவனுக்கு முன்னால் கொஞ்சம் அழுக்காகத் தெரிந்தோம்.

"எப்புடி இருக்காரு பாத்தீங்களா தாத்தா? மூணு நாளைக்கு மொகம் வாடாது" என்றான் என்னிடம்.

"உசுரோட இருந்தப்ப ஒரு நாளும் இப்புடி இருந்ததில்ல" என்றேன். உண்மைதான். கன்னத்தில் சிவப்பெல்லாம் பூசியிருந்தான்.

ஆண்டியப்பனுக்குச் சுதாகரனைக் கண்டாலே ஆகாது. "ஏன்டா, வர்றவன் எல்லாத்தையும் நீ ஊறுகா போட்டு அனுப்புற. மண்ணு வாய வச்சாக் கசக்குதாம். எடம் காலியாவுறதுக்கு முந்தி அடுத்தவன் வந்துர்றான். நான் எங்க வைக்கிறது, ஒங்க கடையிலயா?"

"அதெல்லாம் பழைய பேச்சு மாமா. கழுத்து நரம்புல குழாய விட்டு ரத்தத்த எடுத்துட்டு மருந்த ஏத்துறோம். சதை இறுகிப்போவும், கிருமி உள்ள வேல செய்யாது. அவ்வளவுதான். மண்ணுக்குள்ள போயிட்டாப் பலக உளுக்கும், தண்ணி எறங்கும், மருந்தக் கழுவிட்டுப் போயிரும். அப்புறம் ஒங்க மண்ணு சாப்புடட்டும். கொஞ்சம் தாமதமாவும், சாப்பாடு நிக்காது."

"பெரிய பேராசிரியரு."

"கொழுந்தப் பாருங்களேன். பறிச்ச கொழுந்த அப்புடியே குவிச்சு வச்சாச் சூடேறி அழுகிருது. அதையே வாட்டி, காயவச்சு, முந்தி மாதிரி ஈயத்தாள் போட்ட பெட்டியில அடைச்சா? வருசக்கணக்காக் கெடக்கும்ல? வெளிநாட்டுலருந்து வர்றதெல்லாம் அப்புடித்தான். மருந்தும் கடுமை, தகரத்த வேற காத்துப் போகாமப் பத்தவச்சிட்டா..."

நிறுத்திவிட்டான். கதவு நிலையில் நாகலெட்சுமி நின்றாள்.

"பத்தவச்சிட்டா?" என்றாள்.

"ஒன்னுமில்ல அத்த."

"சொல்லுய்யா. பத்தவச்சிட்டா மண்ணு எறங்காதா?"

"எறங்காது அத்த. தகரம் தாங்கிக்கிட்டு நிக்கும்."

"உள்ள ஆளு இருந்தாலும் எறங்காதா?"

சுதாகரன் என்னைப் பார்த்தான். நான் பிணத்தைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அங்கே பதில் சொல்லத் தேவையில்லாத ஒரே ஆள் மூக்கன்தான்.

"இருந்தாலும் எறங்காது அத்த."

"மொகம் இருக்குமா?"

"இருக்கலாம். இல்லாமலும் போவலாம்."

அவள் உள்ளே போய்விட்டாள். ஒன்பது வருஷமாக அந்த மேட்டை வைத்துத்தான் அவள் உயிர் வாழ்ந்தாள். அவளுக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். அந்தச் சாட்சியை வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன், வாய் சும்மா இருக்க முடியாமல், இரண்டு பேச்சில் தட்டிவிட்டான்.

நாங்கள் எத்தனையோ தலைமுறையாக இந்த மலையில் விளைந்ததை ஈயத்தாள் பெட்டியில் அடைத்துக் கடல் கடந்து அனுப்பினோம். ஒரு பெட்டிதான் திரும்பி வந்தது என்று எனக்கு அப்போது தோன்றியது. சொல்லவில்லை. சாவு வீட்டில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று ஒரு முறை இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் நானும் ஆண்டியப்பனும் குழியைத் திறந்தோம். மழை விட்டு, மேகம் தேயிலை மேல் உட்கார்ந்திருந்தது. வெளிப்பலகை கறுத்து மண்ணோடு மண்ணாகப் போயிருந்தது. பிடிகள் மட்டும் தங்க நிறத்தில் பளபளத்தன, பிளாஸ்டிக். அதற்கடுத்து மண்வெட்டி 'டங்' என்றது.

துடைத்துப் பார்த்தோம். சாம்பல் நிறத் தகரம், ஒரு ஓட்டை இல்லை. அதைச் சுற்றி ஒரு மண்புழு இல்லை, ஒரு வேர் இல்லை. பக்கத்துத் தேயிலைச் செடியின் வேர் ஒன்று அதுவரை வந்து, முட்டி, வந்த வழியே திரும்பிப் போயிருந்தது. ஆண்டியப்பன் கரையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான்.

"மண்ணு தோத்துப்போச்சுடா" என்றான்.

தோட்டத்துத் தலைவர் முத்துலிங்கம் வந்து எட்டிப் பார்த்தார். சங்கத்துத் தலைவர் என்றால் கல்யாணம், சாவு, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் அவர்தான் வர வேண்டும். "மேல வச்சு மூடிருங்க. எதுக்கு வம்பு?" என்றார்.

"கீழ ஆளு முழுசாப் படுத்திருக்கு தலைவரே. இதுக்கு மேல வச்சா ஆழம் பத்தாது. அடுத்த மழைக்கு மூக்கன் தலைய வெளிய நீட்டி எத்தன மணின்னு கேப்பான்."

"அப்ப வேற எடத்துல வெட்டு."

"எங்க? ஆத்துக்குள்ளயா?"

அதற்குள் தப்புச் சத்தம் கேட்டது. மேலே வளைவில் பாடை திரும்பியது. எங்கள் வழக்கப்படி கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் பெண்கள் நின்றுவிடுவார்கள். அதற்குக் கீழே ஆண்கள் மட்டும். நின்றார்கள். ஒருத்தி நிற்கவில்லை. தோளில் பிறந்த வீட்டார் போர்த்திய கோடிச் சேலையோடு, பாடைக்கு முன்னால், தப்புக்காரனையும் தாண்டி நாகலெட்சுமி இறங்கி வந்தாள். தப்பு தானாக நின்றுவிட்டது.

"அக்கா, பொம்பளைங்க இங்க வரப்படாது" என்றார் முத்துலிங்கம்.

"வந்தா என்ன ஆவும் தலைவரே? தாலி அறுந்துருமா?"

தலைவர் ஒதுங்கி வழி விட்டார். அவள் குழியின் விளிம்பில் வந்து நின்று தகரத்தைப் பார்த்தாள்.

"தொறங்க."

"அது முடியாதுக்கா. நீதவான் உத்தரவு இல்லாமத் தொறந்தாப் பொலிஸ் வரும்."

"இது அங்க மாசக்கணக்காக் கெடந்துச்சே, அப்ப எந்தப் பொலிஸ் வந்துச்சு? கல்லு இருந்தா நான் வீட்டுக்குப் போயி வெளக்கேத்தி வச்சிட்டுக் காத்துக்கிட்டு இருக்கேன். புள்ள இருந்தா அழுதுட்டுப் போறேன். ரெண்டுல ஒன்னு. அதுவரைக்கும் இவரும் இங்கயே இருக்கட்டும், நானும் இருக்கேன்."

பாடையைத் தோளில் வைத்திருந்தவர்கள் கால் மாற்றி நின்றார்கள். மூக்கன் கனமான ஆள். மேகம் இன்னும் கீழே இறங்கியது. முத்துலிங்கம் ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தலைவர் ஒன்றைப் பார்க்கவில்லை என்று பிறகு சொல்ல வேண்டுமென்றால் இப்படித்தான் நிற்பார்.

என்னிடம் கவ்வாத்துக் கத்தி இருந்தது. தேயிலைச் செடியை மட்டமாக வெட்டுகிற கத்தி, பழகிய கைக்கு எலும்பையும் வெட்டும்.

"ஓரத்துல குத்துங்க தாத்தா, பத்தவச்ச எடத்துல" என்று மேலே இருந்து சுதாகரன் சொன்னான். "நடுவுல குத்திராதீங்க."

ஓரத்தில் குத்தினேன்.

முதலில் வந்தது வாசம். அழுகல் வாசம் எனக்குப் பழக்கம். இது வேறு. கண்ணில் மிளகாயை அரைத்து அப்பின மாதிரி இருந்தது. மரத்திலிருந்த அட்டைகள் மழை மாதிரி கொட்டின. அந்த வாரம் பூராவும் எட்டாம் நம்பர் மலையில் ஒரு அட்டையும் ஒருத்தரையும் கடிக்கவில்லை. அக்கரப்பத்தனை பஸ் ஸ்டாண்டில் நாய் தும்மியது என்று பிறகு கேள்விப்பட்டேன். நின்ற ஆண்கள் எல்லாருடைய கண்ணிலும் தாரை தாரையாகத் தண்ணீர். தன் தாய்க்கே அழாத முத்துலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து அழுதார். இரண்டு மாதத்துக்கு முன்னால் வேலைக்கு வந்த கணக்கப்பிள்ளை, யோகேஸ்வரி யார் என்றே தெரியாதவர், தேம்பித் தேம்பி அழுதார். ஒரு பிள்ளைக்கு ஒன்பது வருஷம் கழித்து இவ்வளவு கண்ணீர் கிடைப்பது அபூர்வம்.

நாகலெட்சுமி மட்டும் கண்ணைச் சிமிட்டவில்லை. குழிக்குள் இறங்கினாள். தகரத்தை நான் மடக்கிப் பிடித்தேன்.

முகம் இருந்தது.

வாட்டிய கொழுந்தின் நிறத்தில் இருந்தது. தோல் எலும்போடு ஒட்டி, உதடு பின்வாங்கி, பல் கொஞ்சம் தெரிந்தது. நெற்றி ஓரத்தில் சாம்பல் தூவின மாதிரி பூஞ்சணம். மூக்கில் பஞ்சு. முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார்கள். இடது புருவத்தில் பாதி இல்லை. தவழ்கிற வயதில் அடுப்பு விளிம்பில் விழுந்து சுட்டுக்கொண்ட இடம், அங்கே அதற்கப்புறம் முடி முளைத்ததே இல்லை. அதைப் பார்த்த பிறகு இந்தத் தோட்டத்தில் யாரும் வேறு ஒன்றும் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் மருந்துக்குப் பாரபட்சம் கிடையாது. புருவத்தைக் காப்பாற்றி வைத்த மாதிரியே கையையும் காப்பாற்றி வைத்திருந்தது. முழங்கைக்கு மேலே வரிசையாக, ஸ்திரிக்கைப் பெட்டியின் மூக்கு அளவில், தீய்ந்த தடங்கள். மண்ணில் வைத்திருந்தால் முதல் வருஷமே தின்றிருக்கும். நான் தகரத்தைக் கொஞ்சம் இறக்கிப் பிடித்தேன். அவள் அதற்கு முன்பே பார்த்துவிட்டாள்.

விரலால் அந்தப் பாதிப் புருவத்தைத் தடவினாள்.

"இங்கதான் இருந்தியாடி?" என்றாள்.

ஆறுதான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"நான் தெனம் மேல நின்னுதானே கொழுந்து எடுத்தேன். இந்த வழியாத்தானே போனேன், வந்தேன். ஒரு சூடம் கொளுத்தலியே. ஒன்ன எங்கெங்கயோ தேடிக்கிட்டு இருந்தேன், நீ காலடியில படுத்துக்கிட்டு இருந்திருக்க."

பிறகு அழுதாள். எப்படி அழுதாள் என்று நான் எழுதப்போவதில்லை. பாடையைப் பிடித்திருந்தவர்கள் அதைக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று மட்டும் சொல்கிறேன். வழியில் இறக்கக்கூடாது என்பது வழக்கம்.

அடங்கிய பிறகு முத்துலிங்கம் மெதுவாகச் சொன்னார்: "சரிக்கா. பாத்துட்டீங்க. தகரத்த மடக்கி மூடிரட்டும்."

"தகரம் வேணாம்."

"என்னக்கா?"

"தகரம் வேணாம். புள்ளைய வெளிய எடுங்க. வெறும் மண்ணுல வைங்க."

சுதாகரன் பதறினான். "அத்த, தொறந்து மண்ணுல வச்சா இனிமே..."

"இனிமே என்ன? அழுகும். அதானே? அழுகட்டும்யா. எல்லாப் புள்ளையும் அழுகுற மாதிரி எம்புள்ளையும் அழுகட்டும். இத்தன வருசமா அதச் சாகவும் விடல, இருக்கவும் விடல. அந்தக் கையில இருக்குறத மண்ணு திங்கட்டும். எம்புள்ள ஒடம்புல அது இருக்கப்படாது."

தோளிலிருந்த கோடிச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். புருஷன் செத்ததற்குப் போர்த்திய சேலையை இன்னொருத்தருக்குக் கொடுக்க எந்த முறையும் கிடையாது. ஆண்டியப்பன் வாங்கிக்கொண்டான். நானும் அவனும் பிள்ளையை அதில் சுற்றித் தூக்கினோம். நாலு கூடை கொழுந்து காய்ந்தால் ஒரு கூடைக்கு வராது என்பார்கள். எனக்குக் கையில் ஏதாவது இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது.

தகரத்தை வெளியே இழுத்ததும் ஆழம் கிடைத்துவிட்டது. ஆண்டியப்பன் இறங்கி இன்னும் ஒரு முழம் வெட்டினான். அடியில் களி வராமல் மேட்டுப் பக்கத்து மண்ணாகக் கொண்டுவந்து கொட்டிப் பரப்பினான், நன்றாகத் தின்னுகிற மண். பிள்ளையைக் கீழே வைத்தோம். அப்பனை மேலே வைத்தோம். முதல் பிடி மண்ணை நாகலெட்சுமியே போட்டாள். பெண்கள் மண் போடுகிற வழக்கமும் கிடையாது. அன்றைக்கு வழக்கம் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் லயத்துக் கூரைகள் எல்லாம் ஒழுகுகின்றன. அது நல்ல தகரம். யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் பெரட்டுக்கு நாகலெட்சுமி கூடையோடு வந்து நின்றாள். கண்டாக்கு ஐயா திகைத்துப் போனார். மலை வேலையை மேற்பார்க்கிறவர், நல்ல மனுஷன்.

"என்னம்மா, நேத்துத்தானே? காரியம் முடியிற வரைக்கும் வீட்டுல இருக்கிறதுதானே?"

"வீட்டுல இருந்து யாருக்கு ஒல வைக்கிறது ஐயா? ரெண்டு பேருந்தான் போய்ச் சேந்துட்டாங்களே."

போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அவள் வாயால் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டோம். எட்டாம் நம்பர் மலையில் கடைசி நிரையை, மயானத்துக்கு மேலே முட்டுகிற நிரையை, கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அரபு நாட்டுக்குப் போகும்போது யோகேஸ்வரி கையில் கொண்டுபோன உடுப்புப் பெட்டி மட்டும் இன்றுவரைக்கும் வந்து சேரவில்லை.